அத்தானின் பீங்கான் தகடுகள்

தொண்ணூற்றெட்டு ஜனவரியில் பனிமழை பெய்து மின்கம்பிகள் அறுந்தபோது, நகரின் நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியில் எங்கள் அப்பார்ட்மென்ட் குளிர்ப்பெட்டியாகிவிட்டது. கணவர் டவுன்டவுனில் வேலையிடத்தில் மாட்டிக்கொண்டார். நான் பிள்ளைகள் இருவரையும் இழுத்துக்கொண்டு புறநகர் ரொக்ஸ்பரோவில் அக்கா வீட்டுக்குப் போனேன். அங்கேயும் கரண்ட் இல்லை. ஆனால் விறகு எரிக்கும் கணப்படுப்பு ஒன்று இருந்தது.

கதவைத் திறந்த அத்தான், அக்காவின் கணவர், வா என்றுகூடச் சொல்லவில்லை. "பிள்ளையளைச் சுவர்ப் பக்கம் விடாதை," என்றார்.

கணப்படுப்புக்கு மேலே அவருடைய சீனப் பீங்கான் தகடுகள் தொங்கின. ஒவ்வொன்றிலும் ஒரு சரித்திர மனிதர்: சிவந்த முகமும் நீண்ட தாடியுமாக ஒரு தளபதி, ஒரு மந்திரி, ஒரு கவிஞர், ஒரு அரசி. வருகிறவர்களை நிறுத்திவைத்து அந்தத் தளபதியின் விசுவாசத்தைப் பற்றிப் பிரசங்கம் செய்வார். தளபதியின் பெயர் மட்டும் ஒவ்வொரு முறையும் மாறும்.

அடுப்பு எரியவில்லை. அக்கா கோட்டுடன் குந்தியிருந்தாள்.

"ஏன் மூட்டேல்லை?" என்று அவளைக் கேட்டேன்.

அத்தான் முந்திக்கொண்டார். "புகை பட்டால் பெயின்ற் போயிடும். எத்தினை நூறு வருசத்துச் சாமான் தெரியுமே?"

"அப்ப கழட்டி வைக்கலாமே, அத்தான்?"

"கழட்டேக்கை கை வழுக்கினால்? உனக்கு உதுகளின்ரை அருமை விளங்காது."

படித்த எஞ்சினியர். சூளையில் வெந்து வந்த பீங்கானுக்குப் புகை ஆகாதாம்.

என் சின்ன மகளின் உதடு நீலம் பாரித்திருந்தது. அக்கா அதைப் பார்த்தாள். அத்தானை எதிர்த்து ஒரு வார்த்தை பேசியறியாதவள், கதிரையை இழுத்துப் போட்டு ஏறினாள்.

"என்ன செய்யிறாய்? இறங்கு!"

"பிடியுங்கோ," என்று தளபதியைக் கழற்றி அவர் கையில் கொடுத்தாள். பிறகு மந்திரி, கவிஞர், அரசி. கை நிறையப் பீங்கானுடன் நின்றவரால் அவளைத் தடுக்க முடியவில்லை. அக்கா இறங்கி நெருப்பு மூட்டினாள்.

அத்தான் வீட்டிலிருந்த தடித்த போர்வைகளை எடுத்துத் தகடுகளைச் சுற்றிக் குளியல் தொட்டியில் வைத்துவிட்டு, பக்கத்திலேயே காவல் இருந்தார். போர்வை பிள்ளைகளுக்குத் தேவைப்படும் என்று அந்த மனிதருக்குத் தோன்றவேயில்லை. நாங்கள் நெருப்பில் கஞ்சி காய்ச்சிக் குடித்தோம். அவரை யாரும் கூப்பிடவில்லை. பசித்ததும் தானாக வந்தார்.

அந்தக் கோடையில் ஒரு விருந்தில், பனிமழையிலிருந்து தன் பொக்கிஷங்களைக் காப்பாற்றிய கதையை அத்தான் எல்லோருக்கும் சொன்னார். அதில் பிள்ளைகளும் இல்லை, அக்காவும் இல்லை.

"ஓம்," என்றாள் அக்கா, தேத்தண்ணி ஊற்றியபடி. "இவர் பீங்கானைக் காப்பாத்தினவர்தான்."

அத்தான் பெருமையாகத் தலையாட்டினார்.