அப்பாவின் ஏ-40 காரும் நான் கொண்டுவந்த காரும்

எங்கள் அப்பா இணுவிலில் பிறந்தார். கொக்குவிலில் அம்மாவைக் கைப்பிடித்தார். வாடகைக்கு ஓட்டிய பழைய ஏ-40 காரை வைத்தே என்னையும் தங்கையையும் படிப்பித்து ஆளாக்கினார். யுத்தகாலத்தில் பெற்றோல் கிடைக்காதபோது அந்தச் சின்னக் கார் மண்ணெண்ணெயில் புகை கக்கிக்கொண்டு ஓடியது. ஊரில் எத்தனையோ கர்ப்பிணிகள் அதில்தான் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள்.

அப்பாவிடம் ஒரு பழக்கம் இருந்தது. யாராவது காரிலிருந்து இறங்கச் சிரமப்பட்டால் கதவைத் திறந்து கையை நீட்டுவார். முகத்தை மட்டும் மறுபக்கம் திருப்பிக்கொள்வார்.

"ஏனப்பா அங்காலை பாக்கிறியள்?" என்று சின்ன வயதில் கேட்டேன்.

"எழும்பக் கஷ்டப்படுற ஆளைப் பாக்கக்கூடாது தம்பி. அவைக்கு வெக்கமா இருக்கும்" என்றார்.

இதை ஏன் எழுதுகிறேன் என்று சொந்தக்காரரான உங்களில் பலருக்கு இப்போதே விளங்கியிருக்கும்.

போன வருடம் மகள் பெரியபிள்ளையான சாமத்திய வீட்டுக்காக லண்டனிலிருந்து வந்த நான், கொழும்பிலிருந்து ஒரு சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரை வாடகைக்கு எடுப்பித்தேன். அதில் அப்பாவை மண்டபத்தில் கொண்டுபோய் இறக்க வேண்டும் என்பது என் ஆசை.

"அண்ணை, அப்பா தன்ரை காரிலை வரட்டும். உதுக்குள்ளை இருந்தால் எழும்பமாட்டார்" என்றாள் தங்கை.

"உந்தத் தகரத்திலையோ? வீடியோவிலை என்ன மாதிரித் தெரியும்!" என்று எரிந்து விழுந்தேன்.

புதுக் காரின் வீரம் எங்கள் குண்டும் குழியுமான ஒழுங்கையிலேயே தெரிந்துவிட்டது. அடித்தட்டு உரசிவிடும் என்று ஊர்ந்துகொண்டு போனேன். பின்னால் தங்கையின் கணவர் ஓட்டிவந்த ஏ-40 வழி கேட்டு ஹோர்ன் அடித்தது. அதில் கதிரையில் இருப்பதுபோல நிமிர்ந்து இருக்கலாம், வேட்டி கசங்காது. இதில் இருக்கை நிலத்தோடு ஒட்டிக்கொண்டிருந்தது. அப்பாவின் முழங்கால் இரண்டும் நெஞ்சில் முட்டின.

மண்டப வாசலில் அவரால் எழும்ப முடியவில்லை. கதவைப் பிடித்தார், சரிந்தார், மறுபடியும் முயன்றார். வேட்டி அவிழ்ந்தது. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே அதைத் தொலைபேசியில் வீடியோ எடுத்தேன், அன்றே குடும்பக் குழுவில் போட்டேன். நீங்களும் பார்த்துச் சிரித்தீர்கள். உங்களைக் குறைசொல்ல எனக்கு வாயில்லை.

அதன்பிறகு அப்பா எந்தக் கொண்டாட்டத்துக்கும் போகவில்லை. மன்னிப்புக் கேட்கப் போன என்னை அவர் கதைக்கவிடவில்லை.

"நீ கொண்டந்த கார் நல்ல கார்தான் தம்பி. எனக்குத்தான் முழங்கால் சரியில்லை."

அந்தப் பெருந்தன்மையை நினைக்கும்போது இன்றும் வெட்கத்தில் கூனிக்குறுகிப்போகிறேன்.

நெஞ்சுநோ வந்தபோது அப்பா ஆஸ்பத்திரிக்குப் போனதும் அந்த ஏ-40 காரில்தான். மூன்றாம் நாள் எங்களை விட்டுப் பிரிந்தார்.

அவரைப் பராமரித்த வைத்தியர்களுக்கும் தாதியருக்கும், செத்தவீட்டை முன்னின்று நடத்திய அயலவருக்கும் எங்கள் நன்றி. தங்கையின் கணவருக்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும். அன்று மண்டப வாசலில் அவர் ஒருவர்தான் ஓடிவந்து, முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டு, அப்பாவுக்குக் கை கொடுத்தவர்.

உங்களிடம் ஓர் உதவி கேட்கிறேன். அந்த வீடியோ இன்னும் உங்கள் தொலைபேசியில் இருந்தால் அழித்துவிடுங்கள். பார்க்காமல் அழித்துவிடுங்கள்.