சாமி கீழதான் இருக்கு

"குனிலா, ரூபன். சாமி கீழதான் இருக்கு."

முன்சக்கரத்தடிக்கு எலுமிச்சம் பழத்தைக் காலால் தள்ளிவிடப் பார்த்த டிரைவர் ரூபன், பின்னால் புஷ்பலதா நிற்பதை உணர்ந்து முட்டி போடுகிறான். லகாட் சாலையோரத்து லோரி யார்டில் வெளிமாநிலம் போகும் எந்த வண்டிக்கும் எல்லாச் சக்கரத்துக்கும் பழம் உண்டு. பின்னால் ஜோடி ஜோடியாக இருப்பவற்றில் உள்சக்கரத்துக்கும் உண்டு.

"உள் டயர்ல என்ன பார்த்த?"

"ஒண்ணும் பாக்கலக்கா."

"அப்ப மறுபடியும் குனி."

இதைப் பக்தி என்று நினைத்தால் ஏமாந்து போவோம். 'டயரைப் பார்' என்று வருடக்கணக்கில் சொல்லி அலுத்தவர் அவர். 'பழம் வை' என்றதும் ஒருவரும் மறுபேச்சுப் பேசவில்லை. பழம் வைக்கப் போனவர்கள் ஆணியைக் கண்டார்கள், வெடிப்பைக் கண்டார்கள், ஒருமுறை யார்டே தேடிக்கொண்டிருந்த ஸ்பேனரையும் கண்டார்கள். மலாய்க்கார டிரைவர்களுக்குப் பழத்துக்குப் பதில் டார்ச் லைட். "பழம் சாமிக்கு, கண்ணு டயருக்கு," என்பார். முட்டிவலி இருப்பதால் அவர் மட்டும் குனிவதில்லை.

எந்த லோரி எந்த வழியில் போகும், எவ்வளவு ஏற்றலாம், டிரைவர் எங்கே இளைப்பாற வேண்டும் என்பதையெல்லாம் முடிவு செய்வது புஷ்பலதாவின் வேலை. கைப்பேசி காட்டும் வழியை அவர் நம்புவதில்லை. "அது காருக்குப் பேசுது. தாழ்வான பாலத்துல மாட்டிக்கிட்டா அதுவா வந்து ரிவர்ஸ் எடுக்கும்?" ஓய்வுக்குச் சொன்ன இடத்தில் டிரைவர் நின்றானா என்று பார்க்க சிரம்பான் பக்கம் ரஹீமின் சாப்பாட்டுக் கடைக்கு அழைப்பார்.

"பாய், நம்ம ஆளு வந்துட்டானா? சாப்பிடுறானா, தூங்குறானா?"

"சாப்பிட்டுக்கிட்டே தூங்குறாருக்கா."

"எழுப்பாதீங்க. தட்டை மட்டும் நகர்த்தி வைங்க."

புந்தோங்கில் அவர் வீட்டுக்கு விருந்துக்குப் போனாலும் இதேதான். விடைபெற்றுக் காரில் ஏறியவர்கள் அப்படியே போய்விட முடியாது. கேட்டருகே நின்று, "பிரேக்கை மிதிங்க," என்பார். இரண்டு விளக்கும் எரிந்தால்தான் கையசைப்பு. ஒன்று எரியாவிட்டால் அன்று ராத்திரிச் சாப்பாடும் அங்கேதான்.

கணவர் சதாசிவமும் இதே யார்டில் டிரைவர். வேலையிடத்தில் அவருக்கு இவர் 'மேடம்', இவருக்கு அவர் 'டிரைவர்'. போன வாரம் அவர் ஜொகூருக்குத் தரை ஓடு ஏற்றிக்கொண்டு கிளம்பத் தயாரானார். அங்கே மாசாயில் அவருடைய அக்கா நவமணியின் மகளுக்குக் கல்யாணம். சரக்கை இறக்கிவிட்டு அங்கேயே இருந்துவிடுவார், புஷ்பலதா மறுநாள் தன் காரில் போவார் என்பது ஏற்பாடு.

ஓட்டுத் தொழிற்சாலையில் எடை போட்டபோதே சுமை பெர்மிட் அளவைத் தொட்டுவிட்டது. ஆனால் ஜொகூருக்கு ஒரு லோரி போகிறது என்று தெரிந்தால் அது புந்தோங் முழுவதற்கும் சொந்தமான லோரி. பழம் வைக்கச் சொல்லி நின்ற புஷ்பலதா வண்டியின் பின்பக்கத்தைப் பார்த்தார்.

"என்ன டிரைவர், வண்டி கொஞ்சம் குந்தியிருக்கு?"

"அது அப்படித்தான் மேடம் உக்காரும்."

தார்ப்பாயை விலக்கினார். முறுக்கு டின்கள், பம்பளிமாஸ் மூட்டை, யாருடைய பேத்திக்கோ ஒரு தொட்டில். எல்லாவற்றுக்கும் பின்னால், கட்டாமல் கொள்ளாமல், ஓர் அம்மிக்கல்.

"இது டெலிவரி நோட்டுல இல்லையே."

"அக்கா கேட்டுச்சு. அம்மி மிதிக்கணும்ல. நம்ம குடும்பத்துல எல்லாரும் இந்தக் கல்லைத்தான் மிதிச்சாங்க. நீயும்தான்."

"நான் மிதிச்சப்ப அது தரையில இருந்துச்சு. நீ பிரேக் போட்டா இது உனக்கு முன்னாடி மாசாய் போய்ச் சேரும். எல்லாத்தையும் இறக்கு."

சதாசிவம் இறக்கவில்லை. அக்காவுக்குப் போன் போட்டு, பேச்சு எல்லோர் காதிலும் விழும்படி நீட்டினார். லோரிகள் வரிசையாக நின்றிருந்தன. டிரைவர்கள் காப்பியைக் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார்கள்.

"லதா, கல்லு இல்லாம எம்மக எங்க கால வைப்பா? சம்பந்தி வீட்டுல என்ன நினைப்பாங்க?"

"அண்ணி, தம்பி இல்லாம கல்லு மட்டும் வந்தா பரவால்லியா?"

நவமணி இனி ஆயுசுக்கும் பேசமாட்டார் என்றே எல்லோரும் நினைத்தார்கள். பிறகு குரல் வந்தது.

"முறுக்காவது வருமா?"

"முறுக்கு பஸ்ல வரும். கல்லு என் காருல வரும்."

சதாசிவம் போனை அணைத்தார். "உன் காருல துணிப்பை வைக்கவே நீ எடை பாப்ப. அதனாலதான் கேக்கல."

"கேட்டிருக்கணும்லா."

மூட்டைகளை இறக்கி வைத்தார். பழங்களை வைத்தார். மனைவி பக்கம் திரும்பாமல் ஏறி வண்டியைக் கிளப்பினார். ஆனால் யார்டு வாசலில் லோரி ஒரு கணம் நின்றது. பின்னால் சிவப்பு விளக்கு இரண்டும் எரிந்தன. புஷ்பலதா கையசைத்தார்.

மறுநாள் காலை புந்தோங் வீட்டு வாசலில் ரூபன் மூச்சு வாங்க அம்மியைத் தூக்கி மைவி காரில் டிரைவருக்குப் பக்கத்து சீட்டின் காலடியில் வைத்தான். அதன் மேல் சரக்கு கட்டும் கயிறு இரண்டு, முடிச்சுக்கு மேல் முடிச்சு. புஷ்பலதா இழுத்துப் பார்த்தார். இன்னொரு தடவை இழுத்துப் பார்த்தார்.

"அக்கா, கல்லுக்கு பெர்மிட் இருக்கா?"

"உன் வாய்க்கு இருக்கா?"

சிரித்துக்கொண்டே ரூபன் பையிலிருந்து நான்கு எலுமிச்சம் பழங்களை எடுத்துக் குனியப் போனான். புஷ்பலதா அவன் கையிலிருந்து அவற்றை வாங்கிக்கொண்டார். கார்க் கதவைப் பிடித்து, "அம்மாடி," என்று முனகியபடி மெல்ல முட்டி போட்டு, முன்சக்கரத்தடியில் பழத்தை வைத்தார். பிறகு தலையைச் சாய்த்து, டயரின் உள்பக்கத்தை நிதானமாகப் பார்த்தார்.