பனி தங்காத கோடு

மார்லிஸுக்கு வலது புருவம் கிடையாது. பாய்லர் கதவை முதலில் ஒரு விரல் அளவு திறந்து, உள்ளே நெருப்பு மூச்சு விட்டு அடங்கும்வரை நின்று, அப்புறம்தான் முழுக்கத் திறக்க வேண்டும். ஒரு நாள் அசதியில் நிற்க மறந்துவிட்டாள். போன புருவம் திரும்ப முளைக்கவே இல்லை. யாராவது கேட்டால், "இன்னொண்ணு இருக்கே, அது போதும்" என்பாள். சர்ச்சில் அவள் எந்த வரிசையில் உட்கார்ந்திருக்கிறாள் என்று திரும்பிப் பார்க்கத் தேவையில்லை. புகை வாசனையே சொல்லிவிடும்.

அவள் வீடு என் வீட்டுக்கு எதிர்ச்சாரியில் இருக்கிறது. வீட்டுக்குப் பின்னால் ஒரு கூப்பிடு தூரத்தில், புகைபோக்கி வைத்த தகரக் கொட்டகை மாதிரி நிற்கிறதே, அதுதான் பாய்லர். உள்ளே விறகு எரியும். அந்தச் சூட்டில் காய்ந்த தண்ணீர் மண்ணுக்கடியில் பைப் வழியாக வீட்டுக்குள் போய், அறைகளைச் சூடாக்கிவிட்டுத் திரும்பி வரும். காலையில் ஒரு தரம், சாயங்காலம் ஒரு தரம் அதன் வாய் நிறைய மேப்பிள் கட்டைகளைப் போட வேண்டும். அக்டோபரில் மூட்டினால் மே மாதம் வரை அணையவிடக் கூடாது. அணைந்தால் பைப்பில் தண்ணீர் உறைந்து வெடித்துவிடும். வீட்டில் வேறு கணப்பும் இல்லை.

இல்லாமல் போனதற்குக் காரணம் அவள் புருஷன் ரூடி ஹார்யு. அவன் மரம் வெட்டுகிறவன். பாய்லர் வந்த வாரமே, நன்றாக ஓடிக்கொண்டிருந்த எண்ணெய்க் கணப்பைப் பெயர்த்துப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டான். "காட்டுல மரம் சும்மா கெடக்கு. எவனோ விக்கிற எண்ணெய்க்கு நான் ஏன் கையேந்தணும்?" என்று தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தான். எங்கள் ஆண்களுக்கு இது ஒரு வியாதி. புதுசு ஒன்று வந்தால் பழையதைக் கொன்றுவிட்டுத்தான் தூங்குவார்கள். பைப் புதைக்கப் பள்ளம் தோண்டியதும் அவனேதான். ஆள் வைத்துக்கொள்ளச் சொன்னவர்களைப் பார்த்துச் சிரித்தான்.

அந்தப் பைப்பின் மேலேதான் அந்தக் கோடு. பாய்லரிலிருந்து வீட்டுச் சுவர் வரைக்கும், எவ்வளவு பனி கொட்டினாலும் அந்த ஒரு கோட்டில் மட்டும் தங்காது. இடுப்பளவு பனிக்கு நடுவில் பச்சைப் புல் தெரியும். பிப்ரவரியில் பசித்த மான்கள் காட்டிலிருந்து இறங்கி வந்து அதில் மேயும். ரூடி ஜன்னல் பக்கம் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுவான். "நான் போட்ட பந்தி, பாத்தீங்களா?" நாங்களும் காப்பியைக் குடித்துக்கொண்டே ஆகா என்போம். எங்களில் ஒருவருக்கும் மூளை வேலை செய்யவில்லை.

கூரைமேல் பனி தள்ளப் போய் ரூடி விழுந்தான். இடுப்பு எலும்பு முறிந்தது. அதிலிருந்து ஊன்றுகோல்தான். விறகு வேலை முழுக்க மார்லிஸ் தலையில் விழுந்தது. பள்ளிக்கூடத்தில் சமையல் வேலை பார்த்து ஓய்வு பெற்று, இனிமேல் காலை நீட்டி உட்காரலாம் என்று நினைத்திருந்தவள். கட்டைகளைப் பிளப்பது, பனிச்சறுக்கு வண்டியில் ஏற்றி இழுப்பது, சாம்பல் வாருவது எல்லாம் அவள்தான். ஏழெட்டுக் குளிர்காலமாக ஒரு ராத்திரி கூட வெளியே தங்கியதில்லை.

"ஒரு நாள் அணைஞ்சாத்தான் என்னடி?" என்று ஒரு முறை கேட்டேன்.

"அணைஞ்சா நல்லாத்தான் இருக்கும் எல்னா. நானும் அது பக்கத்துலயே படுத்துப்பேன்" என்றாள். வேடிக்கையாகத்தான் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

போன குளிர்காலத்துக்கு முந்தைய குளிரில், அவளுடைய அக்கா ஆர்டிஸ் டுலூத் நகரத்திலிருந்து போனில் கூப்பிட்டாள். புற்றுநோய் முற்றிவிட்டது, வீட்டுக்கே அழைத்து வந்துவிட்டார்கள். "வந்து பக்கத்துல உக்காருடி, வேற எதுவும் வேணாம்" என்று சொன்னாளாம். அக்காவும் தங்கையும் ஒரே சட்டையை மாற்றி மாற்றிப் போட்டு வளர்ந்தவர்கள். கடைசி மூச்சு வரை கூட இருக்க வேண்டும் என்பதுதான் மார்லிஸின் ஒரே எண்ணம்.

"நெருப்ப யாரு பாத்துக்குவா?" என்றான் ரூடி.

"நான் பாக்கறேன்" என்றேன்.

"நீயா? புகை வருது புகை வருதுன்னு எங்க வாசல்ல வந்து சண்டை போட்டவளாச்சே!"

"ஆமா, இப்பவும் போடுவேன். போட்டுட்டு விறகும் போடறேன். போதுமா?"

மார்லிஸ் கிளம்புவதற்கு முன்னால், போய் இருக்கிற நாளுக்கெல்லாம் கணக்குப் பண்ணி விறகைப் பிளந்து சுவர் போல அடுக்கிவிட்டுப் போனாள். அதைச் செய்து முடித்தபோது அவளால் விரல்களை மடக்க முடியவில்லை. தெர்மாஸை நான்தான் திறந்து கொடுத்தேன்.

அவள் போன பிறகு காற்று ஏரிப் பக்கத்திலிருந்து அடிக்க ஆரம்பித்தது. அப்படி ஒரு குளிர். நான் எவ்வளவு போட்டாலும் பாய்லர் விழுங்கிக்கொண்டே இருந்தது. அடுக்கு மளமளவென்று குறைந்தது. இந்த வேலையை ஒருத்தி எப்படி இத்தனை வருஷம் செய்தாள் என்று நினைத்தபோது எனக்கு அழுகையே வந்தது. ஆனாலும் நான் பயப்படவில்லை. என் தம்பி வண்டியில் விறகு கொண்டுவருவதாகச் சொல்லியிருந்தான். ரூடியிடமும் அதைச் சொன்னேன். அவன் தலையை ஆட்டினான். ஆட்டிவிட்டு, நான் வாசல் தாண்டியதும் டுலூத்துக்குப் போன் போட்டான்.

"விறகு தீரப் போகுது. வந்துடு."

அவள் வந்துவிட்டாள். பனிச் சாலையில் நாளெல்லாம் ஓட்டி வந்தவள் கோட்டைக் கூடக் கழற்றாமல் நேரே கோடாலியை எடுத்தாள். மறுநாள் விடியும்போது ஆர்டிஸ் போய்விட்டாள். கடைசியில் கேட்டது, "மார்லிஸ் வெளிய போயிருக்காளா?" என்றுதானாம்.

அடக்கத்துக்குப் போனவளை ஆர்டிஸின் மகன் லைல் திரும்பக் கொண்டுவந்து விட்டான். அதற்குள் என் தம்பி கொல்லை நிறைய விறகு கொட்டியிருந்தான். நான் ஏலக்காய் ரொட்டி சுட்டு எடுத்துக்கொண்டு போயிருந்தேன். நாலு பேரும் சமையலறை மேஜையில் உட்கார்ந்தோம். லைல் அந்தப் பக்கத்தில் இதே மாதிரி பாய்லர்களைப் பதித்துக் கொடுக்கிறவன். நல்ல பையன், மனதில் கள்ளமில்லை. துக்கத்தை மாற்ற ஏதாவது பேச வேண்டுமே என்று ஜன்னல் வழியே பார்த்தான். வெளியே இரண்டு மான்கள் மேய்ந்துகொண்டிருந்தன.

"என்ன சித்தி இது? கொல்லைல கோடை காலம் நடக்குதா?"

"உங்க சித்தப்பா போட்ட பந்தி" என்றாள் மார்லிஸ், எப்போதும் சொல்கிற மாதிரி.

லைல் சிரித்துவிட்டான். "பந்திதான். பைப்பை மேலாப்புல புதைச்சிருக்காங்க. சூடு வெளிய போகாம இருக்க சுத்தின பஞ்சும் மட்டமானது, உள்ள தண்ணி பூந்திருக்கு. வீட்டுக்கு வர்ற சூடு வழியிலயே எறங்கிப் போகுது. நீங்க போடற விறகுல பாதி மண்ணுக்குத்தான் சித்தி."

"பாதின்னா?"

"பாதிதான். ரெண்டு சுமை தூக்கினா ஒரு சுமை மண்ணுக்கு."

ரூடி காப்பிக் கோப்பைக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தான். அந்தப் பார்வையிலேயே எனக்குப் புரிந்துவிட்டது. மார்லிஸுக்கும்.

"ஒனக்குத் தெரியுமா?"

"மொத பனியிலயே தெரிஞ்சிடுச்சு" என்றான் ரூடி. "கொஞ்சம் தோண்டினதுமே பாறை தட்டுச்சு. இது போதும்னு விட்டுட்டேன். மறுபடி தோண்டி எடுத்தா ஊரே சிரிக்கும். அப்ப விறக நான்தான தூக்கினேன்? நானே தூக்கிக்கலாம்னு இருந்துட்டேன். அப்புறம் இடுப்பு போச்சு."

"ஒன் இடுப்பு போச்சு. என் இடுப்பு இருந்துச்சு."

லைலுக்கு முகம் செத்துப்போனது. "சித்தி, நான் சும்மா..."

"நீ ஒண்ணும் தப்பா சொல்லலடா. ரொட்டிய சாப்பிடு." அவள் ரூடியைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "நான் அடுக்கி வச்சுட்டுப் போனது பத்தலைன்னுதான என்னைக் கூப்பிட்ட? பாதி மண்ணுக்குப் போகலைன்னா மிச்சமே இருந்திருக்கும். நான் எங்க அக்கா பக்கத்துல இருந்திருப்பேன்."

எனக்கு ரூடியின் ஊன்றுகோலைப் பிடுங்கி அவன் மண்டையிலேயே போட வேண்டும் போல் இருந்தது. அதே சமயம், நானும் எத்தனை வருஷம் அந்த ஜன்னலில் நின்று ஆகா என்றிருக்கிறேன் என்பதும் நினைவுக்கு வந்தது.

சாயங்கால விறகு போடும் நேரம். மார்லிஸ் எழுந்து கையுறையை மாட்டினாள்.

"உக்காருடி, நான் போடறேன்" என்றேன்.

"வேணாம். மண்ணுக்குக் குளிரப் போகுது" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அதற்குப் பிறகு அவள் அதைப் பற்றிச் சத்தம் போடவே இல்லை. சத்தம் போட்டிருந்தால் ரூடிக்கும் நிம்மதியாக இருந்திருக்கும். மே வரைக்கும் வழக்கம் போலக் கட்டை போட்டாள். மே மாதம் நெருப்பை அணையவிட்டாள். தண்ணீரை வடித்தாள், சாம்பலை வாரிக் கொட்டினாள், கதவைச் சாத்தினாள். கோடை முடிவதற்குள் காஸ்காரனை வரவழைத்து, கொல்லையில் வெள்ளைத் தொட்டியும் வீட்டுக்குள் சின்னக் கணப்பும் வைத்துவிட்டாள். சுவரில் ஒரு திருகு. திருகினால் சூடு வரும். ரூடியை யாரும் கேட்கவில்லை.

அந்த அக்டோபரில் அவள் டுலூத்துக்குப் போய் அக்காவின் கல்லறைக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டு, ஒரு வாரம் கழித்து வந்தாள். வீடு சூடாகவே இருந்தது.

பிப்ரவரியில் நான் அங்கே காப்பி குடித்துக்கொண்டிருந்தேன். கொல்லை முழுக்க ஒரே வெள்ளை, கோடு இருந்த இடமே தெரியவில்லை. காட்டிலிருந்து ஒரு மான் இறங்கி வந்தது. வழி தெரிந்து நேராக அங்கேயே வந்து, முன்காலால் பனியைப் பறித்தது. மூக்கை விட்டுப் பார்த்தது. மறுபடி பறித்தது.

ரூடி ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தான். மானைக் காட்டினான். "மார்லிஸ், அந்த மான் பாவம். எத்தன வருஷமா நம்பி வந்துட்டு இருந்துச்சு."

மார்லிஸ் காலை நீட்டிக்கொண்டு சோபாவில் படுத்திருந்தாள். கண்ணைத் திறக்கவில்லை.

"அது பழகிக்கும்" என்றாள். "நான் பழகிக்கலையா?"