வெறும் தண்ணீரில் ஒரு மாடு

உயிரோடு இருக்கக்கூடிய ஒரு மனிதரை, சாயங்கால டீக்கு முன்னால் ஏறக்குறைய கொன்றுவிட்ட முட்டாள் நான்.

காஞ்சிபுரத்தில் ஒரு தறிக்காரரை நான்கு நாளாகக் காணவில்லை. ஏரிக்கரையில் ரத்தக்கறையோடு ஒரு கோணி கிடைத்தது. ஆட்டு ரத்தமா, அவருடையதா என்று தெரியாமல் அவர் மனைவி காவல் நிலையத்திலேயே உட்கார்ந்திருந்தார். கோணி எங்கள் தடயவியல் ஆய்வுக்கூடத்துக்கு வந்தது. கறையில் எந்த உயிரின் ரத்தம் என்று காட்டிக்கொடுக்கும் மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ.வில் மனிதருடையது எவ்வளவு, விலங்குடையது எவ்வளவு என்று அளந்து சொல்வது என் வேலை.

கருவி காட்டியது: நிறைய ஆடு, கொஞ்சம் மாடு, கொஞ்சம் மனிதர்.

"மேடம், மனுஷ ரத்தமும் கலந்திருக்குது!" என்று கத்தினேன்.

ஆய்வுக்கூடத் தலைவியான மேடம் நிமிரவே இல்லை. "மாடு எங்கேருந்துபா வந்துச்சு? தண்ணி டியூபைப் பாரு."

ஒவ்வொரு சோதனையிலும் சுத்தமான தண்ணீர் மட்டும் உள்ள ஒரு டியூபையும் சேர்த்து ஓட்டுவோம். அதில் எதுவும் தெரியக் கூடாது. ஆனால் மாடும் மனிதரும் அதிலும் அதே அளவில் இருந்தார்கள். அப்படியென்றால் அவர்கள் கறையிலிருந்து வந்தவர்கள் இல்லை, சோதனை செய்த கை வழியாக வந்தவர்கள்.

"காலையில கோயிலுக்குப் போனியா?"

போயிருந்தேன். கோசாலைப் பசுவின் முதுகைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்தபடி பஸ் ஏறினேன். ஆய்வுக்கூடத்திலும் கையுறையோடு அதே கண்ணாடியைத் தள்ளித் தள்ளி வேலை பார்த்திருக்கிறேன். மாடு அந்தப் பசு. மனிதர், அடியேன்.

மறுநாள் கண்ணாடியைத் துடைத்து, புதுக் கையுறை மாட்டி, கறையின் இன்னொரு துண்டை முதலிலிருந்து சோதித்தேன். தண்ணீர் சுத்தம். கறையில் ஆடு மட்டுமே. காணாமல் போனவர் எங்கோ உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருக்கலாம்.

"மேடம், ஸ்டேஷனுக்கு நானே போன் பண்ணி அந்தம்மாகிட்ட சொல்லச் சொல்லட்டுமா?"

"கையைக் கழுவிட்டு பண்ணுப்பா."