மேலே திறந்த கியர் பாக்ஸ்

எழுபதுகளின் கடைசியில் எங்களிடம் ஒரு பழைய லாரி இருந்தது. நான்தான் ஓட்டினேன். திங்கட்கிழமை தோறும் போடியிலிருந்து மலைமேல் இருந்த ஓர் ஏலக்காய் எஸ்டேட்டுக்கு அரிசியும் பலசரக்கும் ஏற்றிப் போவேன். அது போய்ச் சேர்ந்தால்தான் லயத்தில் குடியிருந்த தொழிலாளர் குடும்பங்களுக்கு அந்த வாரம் உலை கொதிக்கும்.

ஆனி மாதம், மலையில் சாரல் பிடித்திருந்தது. போடிமெட்டு ஏற்றத்தில் இரண்டாம் கியர் விழ மறுத்தது. வளைவுக்கு வளைவு கியர் கம்பியோடு மல்லுக்கட்டிக் கை வலித்தது. கியர் ஆயில் மாற்றி வெகுநாளாகிவிட்டது என்று எனக்கே தெரியும். பட்டறைக்காரரோ மகள் கல்யாணத்துக்காக வெளியூர் போயிருந்தார். ஆயில் மாற்றுவதற்குப் பட்டறை எதற்கு என்று ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டு வாசலிலேயே லாரியை நிறுத்தி, சக்கரங்களுக்குக் கல் கொடுத்து, சாக்கை விரித்து அடியில் படுத்துவிட்டேன்.

அடியில் இருந்த போல்ட் சுலபமாகக் கழன்றது. கருகிய வாடையோடு ஆயில் சட்டியில் கொட்டியது. அதை மூடிவிட்டு, பக்கவாட்டில் புது ஆயில் ஊற்றுகிற போல்ட்டில் ஸ்பேனரை வைத்தேன். வழுக்கியது. மறுபடி வைத்தேன். மறுபடி வழுக்கி, விரல் முட்டி இரும்பில் மோதித் தோல் உரிந்தது. யாரோ முன்பே உளியால் அடித்து அதன் முனைகளை மழுக்கியிருந்தார்கள். மண்ணெண்ணெய் ஊற்றிக் காத்திருந்து பார்த்தேன். ஸ்பேனரில் குழாயைச் செருகி மிதித்தும் பார்த்தேன். அசையவில்லை.

அப்போதுதான் சிலமலையிலிருந்து என் மச்சினன் சைக்கிளில் வந்து இறங்கினான். குனிந்து பார்த்தான்.

"மாமா, ஊத்துற போல்ட்டு கழலுதான்னு பாத்துட்டுத்தான வடிச்சீக?"

நான் பார்த்திருக்கவில்லை. சொட்டு ஆயில் இல்லாத கியர் பாக்ஸோடு லாரியை வேறு பட்டறைக்குக்கூட ஓட்டிப் போக முடியாது. அரிசி மூட்டைகள் மண்டியில் தயாராக இருந்தன.

"கேள்வி கேக்காம, போயி நல்ல உளி ஒண்ணு வாங்கிட்டு வா மாப்ளே, வெரசா" என்று அவனைக் கொல்லர் பட்டறைக்கு அனுப்பினேன்.

அவன் போன பிறகு மனைவி காப்பி கொண்டுவந்தாள். சற்று நேரம் உட்கார்ந்து அடியில் பார்த்தாள்.

"ஏங்க, மேல கியர் கம்பி நிக்குதுல்ல, அத எடுத்துட்டு அந்த ஓட்ட வழியா ஊத்த முடியாதா?"

"உனக்கு அடுப்படியில சோலி இல்லையா? இது என்ன கொழம்புச் சட்டியா, மூடியத் தொறந்து ஊத்த?"

அவள் டம்ளரைக் கல்லின்மேல் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

மச்சினன் கொண்டுவந்த உளியால் இன்னும் ஒரு மணி நேரம் அடித்தோம். போல்ட்டின் தலை பாதி பெயர்ந்ததுதான் மிச்சம். உளியை வீசிவிட்டு, கேபினுக்குள் ஏறி உட்கார்ந்தேன். பேச எரிச்சலாக இருந்தது. காலடியில் கியர் கம்பி நின்றது. அதன் அடியில் நாலே போல்ட். ஸ்பேனரை எடுத்தேன்.

நாலும் கழன்றன. கம்பியை மேலே தூக்கும்போது ஒரு வாஷர் நழுவி, கியர் பாக்ஸுக்குள் விழுந்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டபோது லாரியையே விற்றுவிடலாம் போலிருந்தது.

மச்சினன்தான் நிதானமாக இருந்தான். "அக்கா, ஓடாமக் கெடக்குற அந்த ரேடியோவக் கொண்டா" என்றான். அவள் கொண்டுவந்து கொடுத்தாள், என் பக்கம் பார்க்கவில்லை. அதன் ஸ்பீக்கர் காந்தத்தில் ஒரு குடைக்கம்பியை ஒட்டவைத்து உள்ளே விட்டுத் துழாவினான். நாலைந்து தடவை நழுவிய பிறகு வாஷர் ஒட்டிக்கொண்டு வந்தது.

புனல் வைத்து ஆயில் ஊற்றினோம். உள்ளே எவ்வளவு இருக்கிறது என்று குடைக்கம்பியை விட்டு அளந்து, வெளியே அந்தப் பாழாய்ப்போன போல்ட்டின் உயரத்தோடு ஒப்பிட்டு நிறுத்தினோம். கம்பி நின்ற மூடிக்கு அடியில், ஆயில் கசியாமலிருக்க வைத்திருந்த அட்டை கிழிந்துபோனதால் காலண்டர் அட்டையை வெட்டி வைத்து மூடினோம்.

சாப்பிட உட்காரும்போது மூன்று மணி. "நல்லவேள மாமா, மேல தொறக்கணும்னு தோணுச்சே உங்களுக்கு" என்றான் மச்சினன்.

"ம், தோணுச்சு" என்றேன்.

அவள் ரசம் ஊற்றிக்கொண்டிருந்தாள். கரண்டி ஒரு கணம் நின்றது. பிறகு அவனுக்கும் ஊற்றினாள்.

மறுநாள் லாரி மூட்டைகளோடு ஏறியது. எந்த வளைவிலும் கியர் மக்கர் பண்ணவில்லை. எனக்குத்தான் சந்தோஷம் வரவில்லை. அரிசியை இறக்கிவிட்டுச் சாயங்காலம் வீட்டுக்கு வந்து, "கியர் நல்லா விழுகுது" என்றேன். "சரி" என்றாள். அதற்குமேல் சொல்ல வேண்டியது வாய்வரைக்கும் வந்தது. கை கழுவப் போய்விட்டேன்.

அந்த வாரக் கடைசியில் ஊர் திரும்பிய பட்டறைக்காரர், உடைந்த போல்ட்டில் ஒரு நட்டைப் பற்றவைத்து ஐந்து நிமிடத்தில் கழற்றினார். "மேல தொறந்து ஊத்துனீங்களாக்கும். யாருண்ணே சொன்னது?" என்று கேட்டார்.

"எங்க வீட்டுலதான்" என்றேன், சட்டென்று.

"விவரமான ஆளுதான்" என்றார் அவர். அதை வீட்டில் போய்ச் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டே ஓட்டிவந்தேன். வாசலில் லாரியை நிறுத்தியதும் அவள் எட்டிப் பார்த்து, "சரியாயிருச்சா?" என்று கேட்டாள். ஆயிற்று என்று மட்டும் சொன்னேன்.