அம்மா சொன்னதை ஹெலன் சொன்னபோது

காப்பிக் கடையில் என் பெயர் விக்கி. வாசுகி என்று சொன்னால் கோப்பையில் எழுத வேண்டிய பெண் பேனாவோடு திகைத்து நிற்பாள். எனக்குப் பின்னால் வரிசை நீளும். அதனால் சிட்னியின் வெஸ்ட்மீட்டில் இருக்கும் இத்தனை வருடங்களாக ஒவ்வொரு காலையும் நான் இரண்டு நிமிடம் விக்கியாக நின்று காப்பி வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குள் போய் வாசுகி ஆகிறேன். அங்கே எனக்கு மொழிபெயர்ப்பாளர் வேலை. நோயாளி தமிழில் சொல்வதை மருத்துவருக்கு ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது.

அந்த வேலையைத் தெரிந்துதான் சினிமாக்காரர்கள் என்னைத் தேடி வந்தார்கள். ஹாலிவுட்டில் பெரிய பெயரெடுத்த ஆஸ்திரேலிய நடிகை ஒருவர் சிட்னியில் படம் எடுக்கிறார், அவருக்குத் தமிழ் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்றார்கள். வெளியே பேசக்கூடாது என்று கையெழுத்து வாங்கியதால் அவரை இங்கே ஹெலன் என்றே எழுதுகிறேன். ஊரில் இருந்து இதைப் படிக்கிற நீங்களும் அவர் முகத்தைப் பார்த்திருப்பீர்கள்.

ஹெலன் நல்ல மாணவி. ழகரத்தை மூன்றாம் நாளே பிடித்துவிட்டார். ஒருநாள், "உங்கள் மொழியில் ப்ளீஸ் என்பதற்கு என்ன?" என்று கேட்டார். வீட்டில் நாங்கள் அப்படி ஒரு சொல்லைப் பாவிப்பதில்லை, "ஒருக்கா தண்ணி தாங்கோ" என்றால், ஒருமுறை என்கிற அந்த ஒருக்காவே போதும் என்றேன். "அப்படியானால் எல்லாரையும் அதட்டித்தான் வேலை வாங்குவீர்களா?" என்று பரிதாபமாகப் பார்த்தார். விளக்கப் போய் அரை மணி நேரம் வீணானது.

பாட இடைவேளைகளில் தன் கதையைச் சொல்வார். உள்நாட்டில் கோதுமை விளையும் சின்ன ஊர். தந்தை ரயில் பாதையில் வேலை செய்தவர். பதினேழு வயதில் சிட்னிக்கு வந்து தொலைக்காட்சித் தொடரில் நடித்து, பத்தொன்பதில் லாஸ் ஏஞ்சலஸ் போயிருக்கிறார். அங்கே அவருடைய முகவர் முதலில் குடும்பப் பெயரை மாற்றினாராம். பிறகு பேச்சை. பல்லிடுக்கில் தக்கையைக் கடித்தபடி மாதக்கணக்கில் அமெரிக்க உச்சரிப்புப் பழகினாராம். "அம்மாவுக்கு போன் எடுத்தேன். யார் பேசுகிறீர்கள் என்று கேட்டார்," என்றார். அமெரிக்கக்காரியாகவும் ஆங்கிலேய அரசியாகவும் நடித்து விருதுகள் வாங்கினார். நாற்பதைத் தாண்டியதும் யாருக்காவது தாயாக நிற்கும் வேடங்கள்தான் வந்தன. அதனால் சொந்தமாகக் கம்பனி தொடங்கி, இந்தப் படத்தை எடுக்க ஊருக்குத் திரும்பியிருந்தார். படகில் வந்த ஒரு தமிழ்த் தாயின் கதை. ஹெலன் அவளோடு தமிழில் பேசப் பழகி, அவளுக்காக வாதாடும் வக்கீல்.

அவர் அப்படிச் சொன்ன மயக்கத்தில்தான் நானும் எங்கள் கதையைச் சொன்னேன். அகதி விசாரணைக்கு அம்மாவோடு போனபோது எனக்குப் பதினான்கு வயது. ஏன் வந்தாய் என்று அதிகாரி கேட்க, அம்மா நிமிர்ந்து சொன்னார்: "நான் சாவுக்குப் பயந்து வரேல்லை. என்ர பிள்ளை சாவைப் பாத்துப் பழகிடக் கூடாது எண்டுதான் வந்தனான்." மொழிபெயர்த்தவர் அதை, "பிள்ளையின் எதிர்காலத்துக்காக வந்தாராம்" என்று சுருக்கினார். வசதி தேடி வந்தவர்கள் என்று எழுதி, அதிகாரி விண்ணப்பத்தைத் தள்ளினார். பள்ளியில் படித்த ஆங்கிலத்தில் பிழை எனக்கு விளங்கியது. வாய் திறக்கத் துணிவில்லை. மேன்முறையீட்டில் அது சரியாகும்வரை அம்மா ஒழுங்காகத் தூங்கவில்லை. நான் இந்த வேலைக்கு வந்ததே அதனால்தான்.

ஹெலன் அழுதார். அந்த வசனத்தைப் படத்தில் வைக்கலாமா என்று கேட்டார். அம்மாவைக் கேட்காமலே சம்மதித்தேன். தமிழ்த் தாயாக நடித்த யாழினி சிட்னியில் பிறந்தவள். தமிழர்கள் நிறைந்த பெண்டில் ஹில்லில் வீடு. தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்கிற பிள்ளை, அந்த வசனத்தை மட்டும் என் அம்மாவே வந்து நின்றதுபோலப் பேசப் பழகியிருந்தாள்.

விசாரணைக் காட்சி எடுக்கும் காலையில் திருத்திய வசனத் தாள்கள் வந்தன. யாழினிக்கு ஒரு வரியும் இல்லை. அவள் அழ வேண்டும். அவளுக்குப் பதிலாக வக்கீல் ஹெலன் எழுந்து, என் அம்மாவின் வசனத்தைத் தன் சொந்தக் கதைபோல, "நான்" என்றே ஆங்கிலத்தில் சொல்வார்.

"இட்ஸ் ஓகே அன்ரி. இட் ஹாப்பன்ஸ்," என்றாள் யாழினி.

நேரே ஹெலனின் ஒப்பனை அறைக்குப் போனேன். "இது என் அம்மாவின் வாய்ச்சொல். அதை அந்தப் பிள்ளை தமிழில் சொல்லட்டும்," என்றேன்.

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "அதனால்தான் நானே சொல்கிறேன். நான் சொன்னால் உலகம் கேட்கும்."

"உங்கள் பேச்சைப் பிடுங்கியபோது உங்களுக்கு எப்படி இருந்தது?"

கையை விட்டார். கண்ணாடியைப் பார்த்தபடி, "அதைப் பொறுத்துக்கொண்டதால்தான் இன்று நான் இங்கே நிற்கிறேன்," என்றார்.

தான் பட்டதை இன்னொருத்தியும் படட்டும் என்பதை எவ்வளவு மென்மையாகச் சொல்ல முடிகிறது! எங்கள் துயரம் அவர்களுக்கு வேண்டும். அதைச் சொல்லும் வாய் மட்டும் வேண்டாம். சத்தம் போட்டேன். இயக்குநரின் உதவியாளர் என்னை வெளியே கூட்டிப்போய்த் தண்ணீர் தந்தார். படத்தில் என் பெயர் வரக்கூடாது என்று எழுதிக் கொடுத்தேன். நான் கேட்டதில் அது ஒன்றைத்தான் உடனே செய்தார்கள்.

படம் வந்தது. "எங்கட ஆக்களின்ர கதையாம்" என்று நம்மவர்கள் பரமட்டா தியேட்டரில் ஒரு பகல் காட்சிக்கு மொத்தமாக டிக்கெட் எடுத்தார்கள். அம்மாவும் வருவேன் என்று நின்றார். நான் செய்த பிழையைச் சொல்லித் தடுக்க எனக்கு வாய் வரவில்லை.

அந்தக் காட்சியில் யாழினி, "அம்மா" என்று வீறிட்டாள். கீழே ஆங்கிலத்தில் எழுத்து ஓடியது: அந்நிய மொழியில் அழுகிறாள். பிறகு ஹெலன் எழுந்தார். நன்றாக நடித்தார், அதுதான் இன்னும் கோபம். எனக்குப் பின்னால் மூக்குறிஞ்சும் சத்தம் கேட்டது.

இத்தனை வருடத்திலும் ஆங்கிலம் பிடிபடாத அம்மா என் கையைச் சுரண்டினார். "என்னவாம் பிள்ளை சொல்லுறா அவ?"

என் வேலையைத்தான் செய்தேன். கூட்டவில்லை, குறைக்கவில்லை. அவர் காதருகே குனிந்து சொன்னேன்: "நான் சாவுக்குப் பயந்து வரேல்லை. என்ர பிள்ளை சாவைப் பாத்துப் பழகிடக் கூடாது எண்டுதான் வந்தனான்."

அம்மா சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தார். திரை முழுக்க நிறைந்திருந்த அந்த வெள்ளை முகத்தையே பார்த்தபடி, "பாவம், நல்லாக் கஷ்டப்பட்டு வந்திருக்கிறா," என்றார். "எந்த ஊராம்?"

பின்வரிசையில் இங்கே பிறந்த பிள்ளைகள் ஹெலனுக்காக ஆங்கிலத்தில் அழுதுகொண்டிருந்தார்கள். என் பக்கத்தில் அம்மா ஹெலனுக்காகத் தமிழில் அழுதுகொண்டிருந்தார். எனக்கு இரண்டு மொழியும் தெரியும். அம்மா கேட்டதற்கு இரண்டிலும் பதில் வரவில்லை.