காஜா பேராங்கில் பன்னிரண்டாவது மூடி

மலாக்காவைப் பற்றி எழுதச் சொல்லி மூன்று வாசகர்கள் கேட்டுவிட்டார்கள். ஒருவர், சிவப்புக் கட்டடங்களுக்கு எத்தனை மணிக்குப் போனால் கூட்டம் இருக்காது என்கிறார். எனக்கு எப்படித் தெரியும் ஐயா? நான் முதன்முதலில் மலாக்காவுக்குப் போனது மெர்டேக்கா, அதாவது மலாயாவுக்குச் சுதந்திரம் வந்த வருஷம், மழைக்காலத்தில். அப்போது எனக்கு இருபத்தொரு வயது. சிவப்புக் கட்டடத்தைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஒரு மனுஷன் ஹாக்கி ஆடுவதைப் பார்க்கப் போனேன்.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். சிரம்பானில் ஓர் அரசாங்க இலாகாவில் நான் சின்ன கிராணி, அதாவது குமாஸ்தா. எங்கள் பெரிய கிராணிக்கு ஹாக்கிப் பைத்தியம். இலாகாவின் ஹாக்கி அணிதான் அவருக்கு மூச்சு. இப்போதுபோல ஆட்டக்காரனைக் காசு கொடுத்து வாங்குகிற வழக்கமெல்லாம் அன்றைக்கு எங்கள் பக்கம் கிடையாது. வேறு வழி இருந்தது. வேறு ஊர்க் கிளையில் நல்ல ஆட்டக்காரன் ஒருவன் வேலை பார்த்தால், தலைமை ஆபீசில் தெரிந்தவரைப் பிடித்து அவனுக்கு மாற்றல் போட வைப்பார்கள். மாற்றல் வந்தால் பெட்டியைக் கட்டவேண்டியதுதான், மாட்டேன் என்று சொல்லமுடியாது. மலாக்காக் கிளையில் தனபாலன் என்று ஒருவர் இருந்தார். அவர்மேல் எங்கள் பெரிய கிராணிக்குக் கண்.

"நான் பாத்தப்ப அபாரமா ஆடினான். இப்ப சரிஞ்சுட்டான்னு பேச்சு வருது. நீ போய்ப் பாத்துட்டு வா. நீ சொல்றத வச்சுத்தான் மாற்றல் கேக்கணும்" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆபீசில் தேநீர் வாங்கிவர அனுப்பப்பட்டுக்கொண்டிருந்தவனை ஊருக்கே அனுப்புகிறார்கள்!

சனிக்கிழமை அரைநாள் வேலை. ஒன்றரை மணி பஸ் ஏறினேன். சிரம்பானிலிருந்து மலாக்கா ஏறத்தாழ ஐம்பது மைல். கட்டணம் இரண்டு வெள்ளிக்குள்தான் என்று ஞாபகம். ரப்பர் தோட்டம், மறுபடி ரப்பர் தோட்டம், நடுவே ஒரு மழை. நான்கு மணிக்கு மலாக்காவில் இறங்கி மூன்று சக்கர பெச்சா பிடித்தேன். மலாய்க்காரர் ஓட்டினார். ஹாக்கி பேசுகிறவர்கள் எங்கே கூடுவார்கள் என்று மலாயில் கேட்டேன். அவர் யோசிக்கவேயில்லை. "காஜா பேராங். காதர் கடை. சத்தம் கேட்கும், இறங்கிக்கொள்" என்றார்.

சத்தம் கேட்டது, இறங்கிக்கொண்டேன். காதர் நானா கடை, காஜா பேராங் சாலையோரத்தில் தகரக்கூரை போட்ட காப்பிக்கடை. உள்ளே ஒரு சலவைக்கல் மேசை. மேசைமேல் ஆரஞ்சு பாட்டில் மூடிகள் வரிசையாக இருந்தன: முன்னே ஐந்து, நடுவே மூன்று, பின்னே இரண்டு. கோல்கீப்பருக்கு மட்டும் மரியாதையாகப் பால் டின் மூடி. மறுநாள் மூவாரிலிருந்து வரும் அணியை எதிர்த்து ஆடவேண்டிய மலாக்கா அணி அது. இரண்டு பேர் மேசைமேல் கவிழ்ந்து சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருவர் புக்கிட் ரம்பாய் லாரி டிரைவர் முனியாண்டி. இன்னொருவர் அந்தத் தெருவிலேயே இருக்கும் சிட்டிக்காரர், பெயர் பிள்ளை. சிட்டி மக்கள் தமிழ் வம்சம், பல தலைமுறையாக மலாக்காக்காரர்கள். நெற்றியில் திருநீறு, வாயில் மலாய். பிள்ளை மலாயில் திட்டுவார், முனியாண்டி தமிழில் பதில் கொடுப்பார். ஒருவருக்கும் எதுவும் புரியாமல் போகவில்லை.

"மூணு ஆட்டமா பந்து அவன் காலுக்கு நடுவுல போவுது. தனபாலன் முடிஞ்சான் லா. தூக்கிரு" என்று முனியாண்டி நடுமூடியை எடுத்து ஓரத்தில் வைத்தார். அது சென்டர் ஹாஃப் நிற்கும் இடம். மொத்த அணியும் அங்கிருந்துதான் ஓடும்.

"மானா போலே!" அது எப்படி முடியும் என்று பிள்ளை குதித்தார். இடதுபக்கத்துக்காரன் பந்தே கொடுப்பதில்லை, தனபாலன் என்ன செய்வான் என்பது அவர் கட்சி.

"மட்டைய மாத்துனான்ல, அதுலேருந்துதான்" என்றார் தேநீர் ஆற்றிக்கொண்டிருந்த காதர் நானா. "பொஞ்சாதி வேற மாசமா இருக்கு. நெனப்பெல்லாம் அங்கதான் இருக்கும்."

"அவன விடுங்க நானா, மாஸ்டரச் சொல்லணும்! நாளைக்கு ஜெயிக்கலேன்னா கமிட்டி அவர வீட்டுக்கு அனுப்பிரும். தெரிஞ்சும் இவனையே கட்டிக்கிட்டு அழுவுறாரு!" என்றார் முனியாண்டி.

எனக்கு ஒரே கொண்டாட்டம். ஒருத்தரிடமும் வாய் திறக்காமலே வந்த வேலை நடந்துகொண்டிருந்தது. காதர் நானா தேநீரை என் முன்னால் வைத்துக் குனிந்து, "வாசப்பக்கம் முதுகக் காட்டிக்கிட்டு ஒருத்தரு உக்காந்திருக்காரு பாருங்க, அவருதான் சாமுவேல் மாஸ்டர். டீமுக்குக் கோச்" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பத்தடி தூரத்தில் அந்த மனிதர் ரொட்டியைப் பருப்பில் தோய்த்துத் தின்றுகொண்டிருந்தார்.

"காதுல விழுமே நானா?"

"விழட்டும். 'எங்கிட்ட யாரும் ஹாக்கி பேசக்கூடாது'ன்னு முன்ன ஒருநாள் கத்திட்டாரு. அதுலேருந்து அவருகிட்ட நாங்க ஒரு வார்த்த பேசறதில்ல. எங்களுக்குள்ள பேசிக்கிறோம். அவரு காதுல விழுந்தா நாங்க என்ன பண்றது?"

மாஸ்டரும் விட்டுக்கொடுப்பதில்லையாம். ஒவ்வொரு ஆட்டத்துக்கு முந்தைய நாளும் வந்து, முதுகைக் காட்டி உட்கார்ந்து, எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, போகும்போது மேசைப் பக்கமாக வந்து ஏதாவது ஒரு மூடியை நகர்த்திவிட்டுப் போவார். அதுதான் பதில். வாயைத் திறக்கமாட்டார். வருஷக்கணக்காக இப்படியே நடக்கிறது என்றார் நானா.

அன்றைக்கும் அப்படித்தான் வந்தார். ஒல்லியான மனிதர், சட்டைப்பையில் பேனா. ஓரத்தில் கிடந்த தனபாலன் மூடியை எடுத்து மறுபடி நடுவில் வைத்தார். முனியாண்டி கூரையைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். அதோடு முடிந்திருக்கவேண்டும். என் நாக்கு சும்மா இருந்ததா?

"ஏன் மாஸ்டர், ஆடாத ஆளப் புடிச்சு எதுக்கு வச்சிருக்கீங்க?" என்று கேட்டுவிட்டேன்.

நானா தேநீர் ஆற்றுவதை நிறுத்திவிட்டார். மாஸ்டர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"தம்பிக்கு எந்த ஊரு?"

"சிரம்பான்."

"வேல?"

பெருமையாக இலாகாவின் பெயரைச் சொன்னேன். தனபாலன் வேலை பார்ப்பதும் அதே இலாகா என்பது அங்கே எல்லாருக்கும் தெரியும்.

"ஓ. உங்க பெரிய கிராணி சுகமா இருக்காரா? இந்த மூணு ஆட்டத்துக்கும் முந்தி ஒருக்கா வந்திருந்தாரு. தனபாலன் நாலு பேரத் தாண்டிப் போனதப் பாத்து எந்திரிச்சுக் கை தட்டுனாரு." நடுமூடியை விரலால் ஒருமுறை தட்டினார். "அவன் பாதி ஆடுனாலே மத்தவன் முழுசா ஆடுற மாதிரி. அதான் வச்சிருக்கேன். போதுமா?" குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

முதலில் பேசியவர் காதர் நானாதான். "அவரு வந்துட்டுப் போன அடுத்த ஆட்டத்துலேருந்துதானே முனியாண்டி இவன் சரிஞ்சான்?"

முனியாண்டி மூடிகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிள்ளை நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்தார். மூன்று வாரமாக மூன்று பேரும் மட்டையை, இடதுபக்கத்துக்காரனை, மாஸ்டரை என்று ஊரையே திட்டித் தீர்த்திருந்தார்கள். தனபாலன் வேண்டுமென்றே கெடுத்து ஆடுகிறார் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. நன்றாக ஆடினால் சிரம்பானுக்கு மாற்றல். கெட்டு ஆடினால் ஊரில் இருக்கலாம். மாஸ்டருக்கு மட்டும் தெரிந்திருக்கிறது, தன் பதவி ஆடுவது தெரிந்தும் அவர் வாயைத் திறக்கவில்லை.

"அவன் பொஞ்சாதிக்கு இப்ப ஏழாம் மாசம்" என்றார் நானா என்னிடம். "முன்ன ரெண்டு தங்கல. இங்கேயே சிட்டிக்காரங்க கம்பத்துப் பொண்ணு. அம்மா, அக்கா எல்லாம் இந்தத் தெருவுலதான். சிரம்பான்ல அதுக்கு யாரு இருக்கா?"

வேடிக்கை பார்க்க வந்தவன் நான். அந்தக் குடும்பத்தின் பெட்டியைக் கட்டவைக்கும் ஆளும் நான்தான் என்று அப்போதுதான் உறைத்தது. அதற்குள் முனியாண்டி நாற்காலியை என் பக்கம் இழுத்துப்போட்டுக்கொண்டார். "தம்பி, ஒரு உண்மையச் சொல்றேன். அவனுக்கு மொதல்லேருந்தே ஆடத் தெரியாது."

ராத்திரி ஜாலான் பெண்டஹாரா என்ற தெருவில் தெரிந்தவரின் ஜவுளிக்கடை மாடியில் படுத்தேன். காலையில் ஜாலான் துக்காங் எமாஸ் பிள்ளையார் கோயிலுக்குப் போனேன். அங்கே உயரமான ஒருவர், பாஜு கெபாயா என்ற மலாய் மேல்சட்டை உடுத்திய கர்ப்பிணிப் பெண்ணின் முழங்கையைப் பிடித்துப் படி இறக்கிக்கொண்டிருந்தார். அவர் யாரென்று ஒருவரும் சொல்லவேண்டியிருக்கவில்லை. என்னைப் பார்த்ததும் நேரே வந்தார். காஜா பேராங்கில் செய்தி அவ்வளவு வேகம்.

"நீங்கதானே சிரம்பான்? மாஸ்டர் சொன்னாரு."

"ஆமாண்ணே."

"நான் ஒண்ணும் கேக்கல. பாத்தத பாத்தபடி சொல்லுங்க." முகம் இறுகியிருந்தது. அந்த அம்மாள் பின்னாலிருந்து, "சூடா மாக்கான்?" சாப்பிட்டாயா என்று மலாயில் என்னைக் கேட்டார். நான் யாரென்று அவருக்குத் தெரியாது. கையிலிருந்த பிரசாத வாழைப்பழத்தில் ஒன்றை எனக்குக் கொடுத்தார்.

சாயங்காலம் ஐந்து மணிக்குப் பண்டா ஹிலிர் திடலில் ஆட்டம். மேகம் மூடி, மழை தூறிக்கொண்டிருந்தது. காதர் நானா கடையைப் பூட்டிவிட்டே வந்திருந்தார். மூவரும் என்னை நடுவில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்கள். தனபாலன் பந்தைத் தவறவிட்டபோதெல்லாம், "பாத்தியா, பாத்தியா!" என்று முனியாண்டி என் தொடையில் அடித்தார். தவறவிடுவதில்கூட அந்த மனிதரிடம் ஓர் அழகு இருந்தது. பந்து எங்கே வரும் என்று தெரிந்து, அங்கே போகாமல் இருந்தார். ஆளுக்கு ஒரு கோல். ஆட்டம் முடியப்போகிறது. சமன் என்றாலும் மாஸ்டருக்குப் போதாது, ஜெயித்தே ஆகவேண்டும் என்று கமிட்டி சொல்லியிருந்தது. கோட்டுக்கு வெளியே மாஸ்டர் குடையை விரிக்காமல் நனைந்துகொண்டு நின்றார். தனபாலன் ஒருமுறை அவரைத் திரும்பிப் பார்த்தார்.

அடுத்த பந்து அவரிடம் வந்தது. அவர் அதை யாருக்கும் கொடுக்கவில்லை. ஒருவரை இடதுபக்கம் சாய்த்து, அடுத்தவரை வலதுபக்கம் சாய்த்து, மட்டையைத் திருப்பி மூன்றாமவரின் காலடியிலிருந்து பந்தை உருவிக்கொண்டு வட்டத்துக்குள் நுழைந்து அடித்தார். கோல் பலகை அதிர்ந்த சத்தம் எனக்கு இன்றைக்கும் காதில் இருக்கிறது. ஐயோ, அது ஆட்டம்!

திடலே எழுந்தது. நானா தொப்பியைத் தூக்கி எறிந்தார். பிள்ளை என்னைக் கட்டிப்பிடித்துக் குதித்தார். அப்புறம்தான் கட்டிப்பிடித்திருப்பது யாரை என்று அவருக்கு ஞாபகம் வந்தது. கைகளை விலக்கிக்கொண்டார். மூவரும் என்னைப் பார்த்தார்கள். திடலின் நடுவிலிருந்து தனபாலனும் பார்த்தார். அவர் சிரிக்கவில்லை. மாஸ்டர் வேலையைக் காப்பாற்றிவிட்டு, தன் வீட்டை என் கையில் கொடுத்துவிட்டு நின்றார்.

"குருட்டடி" என்றார் முனியாண்டி.

"கடல் காத்து தள்ளிருச்சு" என்றார் நானா.

பிள்ளைக்கு வந்ததே கொஞ்சம் தமிழ். வானத்தை அண்ணாந்து பார்த்தார், ஒரே மேகம். "கோல்கீப்பர்... கண்ணு... வெயில்" என்றார்.

திங்கட்கிழமை காலை பெரிய கிராணி என்னைக் கூப்பிட்டார். "கோல் அடிச்சானாமே?"

"குருட்டடி சார். கடல் காத்து தள்ளிருச்சு. கோல்கீப்பருக்கு வேற கண்ணுல வெயில்."

"பேப்பர்ல மழைன்னு போட்டிருக்கே?"

நான் மேசைமேல் கிடந்த கோப்புகளை அடுக்க ஆரம்பித்தேன். அவர் பேப்பரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "சரி. குருட்டடி அடிக்கிறவன் நமக்கு வேணாம்" என்று பேப்பரை மடித்து வைத்தார். அவர் நம்பினாரா, விட்டுக்கொடுத்தாரா, இன்றுவரை எனக்குத் தெரியாது.

சரி, போகிறவர்களுக்கு. சிரம்பானிலிருந்து இப்போது நெடுஞ்சாலையில் ஒன்றரை மணிநேரம் போதும். பண்டா ஹிலிர் திடலைத் தேடாதீர்கள், அங்கே பெரிய கடைவளாகம் வந்துவிட்டது. துக்காங் எமாஸ் கோயிலுக்குக் காலையில் போங்கள். பக்கத்திலேயே கம்போங் கிளிங் பள்ளிவாசல், இரண்டையும் நடந்தே பார்க்கலாம். காஜா பேராங்குக்கு வண்டி பிடித்துக்கொள்ளுங்கள், அவசரமில்லாமல் போங்கள். அந்தக் காப்பிக்கடை இப்போது இல்லை.

நான் அடுத்த வருஷம் ஒருமுறை, வேலையாக இல்லாமல் சும்மா, அங்கே போனேன். வாசலில் தனபாலன் தோளில் ஒரு பெண்குழந்தையைப் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தார். மாஸ்டர் வழக்கம்போல முதுகைக் காட்டிக்கொண்டு ரொட்டி தின்றார். மேசைமேல் அணி தயாராக இருந்தது. வரிசைக்கு வெளியே, தனியாக, இன்னொரு மூடி இருந்தது.

"இது யாரு நானா, பன்னிரண்டாவது ஆளு?"

"அதுவா? போன வருசத்துலேருந்து அங்கதான் இருக்கு. அது நீங்க" என்று சொல்லிவிட்டுத் தேநீர் ஆற்றப் போனார்.